போருக்கு போய் வெளிநாட்டு மண்ணுல அடங்கிப்போன நம்ம வீட்டு பையன எப்படி தேடுறது: முழுமையான வழிகாட்டி

எங்க பாட்டிக்கு ஒரே அண்ணன். 1945 மார்ச்ல பர்மாவுல செத்தப்ப அவருக்கு 22 வயசு, பாட்டிக்கு 9. முறைப்படி எனக்கு தாத்தா, ஆனா இப்ப எனக்கு அவர விட வயசு ஜாஸ்தி. வீட்டுல ஒரு போட்டோ கூட கிடையாது, "ரங்கூன் பக்கம் பொதைச்சாங்களாம்" அப்டிங்கற ஒரு வரிதான் எழுபது வருஷமா எங்க குடும்பத்துல இருந்துச்சு. அந்த ஒரு வரிய வச்சு அவரோட கல்லறை முன்னாடி போய் நிக்கறதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு, வழி தெரிஞ்சிருந்தா மூணு வாரத்துல முடிஞ்சிருக்கும், அதுக்குதான் இத எழுதுறேன்.

இரண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவத்துல சேர்ந்தவங்க சுமார் 25 லட்சம், அதுல 87,000 பேர் வரைக்கும் உயிர விட்டாங்க. முதல் உலகப்போர்ல கிட்டத்தட்ட 74,000. இதுல நம்ம வட ஆற்காடு, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலி பசங்க எத்தன பேர். மெட்ராஸ் சாப்பர்ஸ்னு சொல்ற ராணுவ இன்ஜினியர் படைல இன்னைக்கும் சிப்பாய்ங்கள "தம்பி"னுதான் கூப்பிடுவாங்க, எங்க பாட்டியோட அண்ணனும் அங்க ஒரு தம்பிதான். உங்க வீட்டுலயும் "பட்டாளத்துக்கு போனவர் திரும்பி வரல"னு ஒரு பேச்சு இருந்தா கீழ உள்ளத வரிசையா செய்ங்க, ஒண்ண விட்டுட்டு அடுத்ததுக்கு தாவாதீங்க.

1. மொதல்ல வீடு, அப்புறம்தான் கம்ப்யூட்டர்

நான் செஞ்ச தப்பே நேரா நெட்ல தேட ஆரம்பிச்சதுதான். வீட்டுல வயசானவங்க யாராவது உயிரோட இருந்தா இன்னைக்கே போய் உக்காருங்க, போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு பேச விடுங்க. "அவர் எப்ப செத்தார்"னு கேட்டா "அது ஆச்சு, அந்த காலத்துல"ன்னுதான் பதில் வரும். அதுக்கு பதிலா, தந்தி வந்தப்ப வீட்டுல என்ன வேலை நடந்துட்டு இருந்துச்சு, யார் படிச்சு சொன்னாங்க, அப்ப வயல்ல என்ன இருந்துச்சு, எந்த திருவிழா முடிஞ்சிருந்துச்சு, அதுக்கப்புறம் மாசா மாசம் பணம் வந்துச்சா, யார் பேருக்கு வந்துச்சு, இப்படி கேளுங்க. எங்க பாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "புளி உலுக்கிட்டு இருந்தோம், நான் கீழ பொறுக்கிட்டு இருந்தேன், போஸ்ட்மேன் சைக்கிள படுக்க போட்டுட்டு வந்தான்"னாங்க. புளி உலுக்குறது மாசி பங்குனி. வருஷம் அவங்களுக்கு தெரியல, ஆனா மாசம் கெடச்சிடுச்சு, பின்னாடி ஒரே மாதிரி பேர்ல நாலு பேர் வந்து நின்னப்ப யார் நம்மாளுனு முடிவு பண்ண அந்த புளிமரம்தான் உதவுச்சு.

அடுத்தது பெட்டி, பரண், பழைய டிரங்க். தேட வேண்டியது: மெடல் (பர்மா ஸ்டார்னா ஆறு முனை உள்ள நட்சத்திரம், மெடலோட ஓரத்துலயோ பின்பக்கத்துலயோ நம்பர், பேர் பொறிச்சிருக்கானு லென்ஸ் வச்சு பாருங்க), பென்ஷன் புக், மணியார்டர் ஒட்டுச்சீட்டு, லெட்டர். பென்ஷன் புக்குல சர்வீஸ் நம்பர் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. முதல் உலகப்போர்னா ஒரு வட்டமான வெண்கல தட்டு குடும்பத்துக்கு குடுத்திருப்பாங்க, 12 சென்டிமீட்டர் அகலம், ஒரு பெண்ணும் சிங்கமும் நிக்கும், ஓரமா ஒரு கட்டத்துக்குள்ள செத்தவரோட பேர் மட்டும் எழும்பி இருக்கும், பதவி எதுவும் இருக்காது. பாத்திரக்காரனுக்கு போட்டுடாதீங்க. தயவு செஞ்சு.

கிறிஸ்தவ குடும்பம்னா கோயில் ரிஜிஸ்டர் பெரிய பொக்கிஷம். எங்க ஊர் பங்குல 1923ஆம் வருஷ ஞானஸ்நான பதிவுல தாத்தா பேர், அப்பா பேர், அம்மா பேர், ஊர் எல்லாம் இருந்துச்சு. மத்தவங்க பழைய ஸ்கூல் ரெக்கார்டு, பத்திரம், வாரிசு சம்பந்தமான பேப்பர்ல பாருங்க, முக்கியமா அப்பா பேர் சரியா வேணும். ஊர் நடுவுல, சாவடி பக்கம், பழைய கல்வெட்டு எதாவது இருக்கானும் பாருங்க, "இந்த ஊர்லேருந்து இத்தன பேர் போருக்கு போனாங்க, இத்தன பேர் உயிர் குடுத்தாங்க"னு பிரிட்டிஷ்காரன் பதிச்ச கல்லு நம்ம பக்கம் பல ஊர்ல சுண்ணாம்பு அடிச்சு மறைஞ்சு கெடக்கு.

2. பேர் – இங்கதான் நம்ம பசங்க தொலஞ்சு போறாங்க

இத நிதானமா படிங்க, மொத்த வழிகாட்டிலயும் இதுதான் முக்கியம்.

நமக்கு குடும்பப்பேர் கிடையாது. ஆள் சேர்க்குற இடத்துல பையன் தன் பேர வாயால சொன்னான், எதிர்ல இருந்த குமாஸ்தா காதுல விழுந்தத இங்கிலீஷ்ல எழுதுனான், அந்த எழுத்துதான் சாகுற வரைக்கும், செத்ததுக்கு அப்புறம் கல்லுலயும். எங்க தாத்தா பேர் "ஞான"னு ஆரம்பிக்கும். நான் "ஜி" எழுத்துலயே ரெண்டு வருஷம் தேடினேன். அவர் "என்" எழுத்துல இருந்தார். "ஞ" அந்த குமாஸ்தாவுக்கு "ந"வா கேட்டிருக்கு, அவ்ளோதான். ரெண்டு வருஷம் நான் பக்கத்து வரிசைலயே தேடிட்டு இருந்திருக்கேன்.

அதனால ஒரு நோட்டு எடுத்து, பேர எத்தன விதமா இங்கிலீஷ்ல எழுதலாமோ அத்தனையும் எழுதுங்க. முனுசாமினா "யூ"வுக்கு பதிலா "டபுள் ஓ", நடுவுல "ஐ" போட்டு முனிசாமி, கடைசில "சாமி"யா "ஸ்வாமி"யா, முடியுறது "ஐ"யா "ஒய்"யா. ஆரோக்கியசாமினா "கே"யா "ஜி"யா. ழகரம் வந்தா "இசட்", "எல்", "ஆர்" மூணையும் போட்டு பாருங்க. சின்னப்பன், பெரியசாமி மாதிரி பேர்ல ரெட்டை எழுத்து ஒத்தை எழுத்தா இருக்கும். "அன்" "அம்" "அர்" மாதிரி கடைசி எழுத்து சில சமயம் காணாமலே போயிருக்கும். சாதிப்பேரோ அப்பா பேரோ பின்னாடி ஒட்டி இருக்கலாம். வீட்டுல கூப்பிட்ட பேரையே சொல்லி சேர்ந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, சில பேர் வீட்டுக்கு தெரியாம ஓடிப்போய் வேற பேர்ல சேர்ந்தவங்க.

ஊர் பேரும் அப்படித்தான். அன்னைக்கு திருநெல்வேலி இல்ல, டின்னவெல்லி. திருச்சிக்கு டிரிச்சினாபோலி, தஞ்சாவூருக்கு டாஞ்சூர், ராமநாதபுரத்துக்கு ராம்நாட், மதுரைக்கு மதுரா. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலைனு இப்ப நாலு மாவட்டமா இருக்கறது எல்லாமே அன்னைக்கு வட ஆற்காடு ஒண்ணுதான், இப்ப உள்ள மாவட்ட பேர்ல தேடுனா எதுவும் வராது.

3. தேடுறது

காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன்னு ஒரு அமைப்பு, 1917ல ஆரம்பிச்சது, ரெண்டு உலகப்போர்லயும் செத்த சுமார் 17 லட்சம் பேரோட கல்லறையும் நினைவுச்சின்னமும் 150க்கு மேல நாடுகள்ல பாத்துக்குறாங்க. அவங்க வெப்சைட்ல யார் வேணா காசில்லாம தேடலாம். 1914 ஆகஸ்ட் 4லேருந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும், அப்புறம் 1939 செப்டம்பர் 3லேருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும் செத்தவங்கதான் இதுல வருவாங்க. போர் முடிஞ்சு ஆஸ்பத்திரில நோயில செத்தவரும் இந்த தேதிக்குள்ள வந்தா இருப்பார், "சண்டைல சாகலயே"னு விட்டுடாதீங்க.

அட்வான்ஸ்டு சர்ச்சுக்கு போங்க. ஒரே பேர்தான் இருக்குன்னா அத குடும்பப்பேர் கட்டத்துல போடுங்க, முதல் பேர் கட்டத்த காலியா விடுங்க. எந்த நாட்டு படைங்கறதுல இந்தியன்னு வைங்க. எந்த போர்ங்கறத வைங்க. அதுக்கு மேல எதையும் போடாதீங்க, கட்டம் ஜாஸ்தி ஆக ஆக ஆள் நழுவிடுவார். நோட்டுல இருக்குற ஒவ்வொரு எழுத்துமுறையா போட்டு, பாத்தத அடிச்சுட்டே வாங்க.

எதுவும் சரியா வரலன்னா பேர மறந்துடுங்க. கூடுதல் தகவல்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல மாவட்டத்தோட பழைய பேரையோ ஊர் பேரையோ போட்டு தேடுங்க. "இன்னாரோட மகன், இந்த ஊர், வட ஆற்காடு"னு பல சிப்பாய்ங்களுக்கு அதுல எழுதியிருப்பாங்க, மனைவி பேர் கூட இருக்கும். நான் தாத்தாவ கண்டுபிடிச்சது இப்படித்தான். வட ஆற்காடு, 1945, மெட்ராஸ் சாப்பர்ஸ்னு போட்டு வந்த லிஸ்ட்ட டவுன்லோட் பண்ணி ஒவ்வொரு வரியா அப்பா பேர படிச்சுட்டே வந்தேன், ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், எங்க கொள்ளுத்தாத்தா பேரு, எங்க ஊர் பேரு, ரெண்டும் ஒரே வரில. அந்த ஊர் பேர இங்கிலீஷ்ல அவ்ளோ தப்பா எழுதி நான் பாத்ததே இல்ல, ஆனா வாய்விட்டு படிச்சா எங்க பாட்டி சொல்ற மாதிரியே இருந்துச்சு. காலைல பாட்டிக்கு போன் பண்ணி சொன்னேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி, "தனியா பொதைச்சிருக்காங்களா, இல்ல எல்லாரையும் ஒண்ணா போட்டுட்டாங்களா?"

4. வந்த பதிவ எப்படி படிக்கிறது

பாட்டி கேட்ட அந்த கேள்விக்கு பதில் பதிவுலயே இருக்கு. கல்லறைத்தோட்டம் பேர் போட்டு பக்கத்துல பிளாட், வரிசை, கல்லறை எண் இருந்தா அவருக்குன்னு தனி கல்லறை இருக்குன்னு அர்த்தம். மெமோரியல்னு போட்டு "ஃபேஸ்"னோ "பேனல்"னோ ஒரு நம்பர் இருந்தா உடல் கிடைக்கல, இல்ல அடையாளம் தெரியல, பேர் மட்டும் தூண்லயோ சுவர்லயோ இருக்கு. கிரிமேஷன் மெமோரியல்னு இருந்தா இந்து, சீக்கிய முறைப்படி எரிச்சிருக்காங்க, பேர் அங்க இருக்கு. நிறைய பேர் "கல்லறை எங்க"னு தேடி போய் ஏமாந்து நிக்கறது இந்த வித்தியாசம் தெரியாமதான்.

பதிவு பக்கத்துல கீழ பழைய டாகுமென்ட் ஸ்கேன் இருக்கும், அத கட்டாயம் தொறந்து பாருங்க. ஒரு கல்லறைலேருந்து இன்னொரு கல்லறைக்கு மாத்துனது அதுலதான் தெரியும். தாத்தா செத்தது நடு பர்மாவுல மெய்க்டிலா பக்கம். அங்கயே பொதைச்சிருந்தாங்க. அப்புறம் அக்யாப், மாண்டலே, மெய்க்டிலா, சாமாவ்னு போய் பாத்துக்க முடியாத நாலு இடத்துல இருந்த கல்லறைங்கள எடுத்து ரங்கூனுக்கு வடக்க 35 கிலோமீட்டர்ல டவுக்கியான்ங்கற இடத்துல ஒண்ணா சேர்த்தாங்க, 1951ல தொறந்தாங்க. ஆக "ரங்கூன் பக்கம்"னு வீட்டுல சொன்னது சரிதான், ஆனா அவர் அங்க சாகல, ஆறு வருஷம் கழிச்சு அங்க போய் சேர்ந்தவர்.

தேதி விஷயத்துல கவனம். காணாமப்போனவங்களுக்கும் சிறையில செத்தவங்களுக்கும் பதிவுல இருக்குற தேதி ஆபீஸ்ல முடிவு பண்ண தேதியா இருக்கலாம்.

5. பேரே இல்லன்னா

மனசு ஒடஞ்சுடாதீங்க, இதுக்கு காரணம் இருக்கு. எல்லாருக்கும் சமமா மரியாதைனு சொல்லி ஆரம்பிச்ச அந்த கமிஷனே 2021ல ஒரு அறிக்கை விட்டு ஒத்துக்கிட்டாங்க: முதல் உலகப்போர் சமயத்துல பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்தச் சேர்ந்தவங்க குறைஞ்சது 1,16,000 பேர் பேர் சொல்லி நினைவுகூரப்படல, இல்ல நினைவுகூரப்படவே இல்ல, அந்த எண்ணிக்கை 3,50,000 வரைக்கும் இருக்கலாம்னு. ஈராக்ல பாஸ்ரா மெமோரியல்ல வெள்ளைக்கார அதிகாரிக்கு பேர் வெட்டுனாங்க, இந்திய சிப்பாய்க்கு படைப்பிரிவுக்கு இத்தன பேர்னு எண்ணிக்கைதான் போட்டாங்க. இத எழுதும்போது எனக்கு கோவம் வருது, ஒரு அம்மா பெத்து பேர் வச்ச புள்ள அவன்.

விட்டுப்போன பேர சேர்க்க சொல்லி கமிஷனுக்கே எழுதலாம், ஆதாரம் வேணும்: சர்வீஸ்ல இருந்தது, செத்த தேதி, சாவுக்கு காரணம் இதெல்லாம் காட்டுற பேப்பர். அதுக்கு படைப்பிரிவோட ரெக்கார்டு ஆபீஸ்ல கேட்கணும், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன். எப்படி எழுதணும்னு உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா சொல்வாங்க. பதில் வர லேட் ஆகும், விடாதீங்க.

ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ல விழுந்தப்ப பிடிபட்ட இந்திய சிப்பாய்ங்கள்ல கொஞ்சம் பேர ஜப்பான்காரன் நியூகினி பக்கம் கொண்டு போயிட்டான், அதனால மலாயாவுக்கு போனவர் அந்த பக்கம் இருக்குற ரபவுல் பிட்டா பாக்கா கல்லறைத்தோட்டத்துல இருக்கலாம், சிங்கப்பூர்லயே தேடிட்டு இருக்காதீங்க. நேதாஜி படைல சேர்ந்து செத்தவங்க இந்த பதிவுல வரமாட்டாங்க, ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைல செத்த நம்ம தோட்டத்தொழிலாளிங்களும் வரமாட்டாங்க, அவங்களுக்கு தேடுற வழி வேற.

6. எப்படி செத்தார்

பதிவுல யூனிட் நம்பர் இருந்தா அந்த யூனிட்டோட வார் டைரிய, அதாவது அன்னன்னைக்கு நடந்தத எழுதி வச்ச பதிவ, தேடலாம். பர்மா பக்கம் நடந்ததுக்கு லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ங்கற அரசு ஆவணக் காப்பகத்துல டபிள்யூ.ஓ. 172ங்கற வரிசைல இருக்கு, காசு கட்டி காப்பி வாங்கலாம், இல்ல அங்க நம்மாளுங்க யாராவது இருந்தா நேர்ல போய் போட்டோ எடுத்து அனுப்பலாம். ரொம்ப எதிர்பார்க்காதீங்க, சிப்பாய் பேர் அதுல பெரும்பாலும் இருக்காது. தாத்தா செத்த தேதில பாலம் போடுற சாமான் எவ்ளோ வந்துச்சு, எந்த ரோட்டுல கண்ணிவெடி எடுத்தாங்கனு எல்லாம் டைப் அடிச்சிருந்துச்சு, கடைசில "ஐ.ஓ.ஆர். 1"னு ஒரு வரி. இந்திய சாதா சிப்பாய் ஒருத்தர்னு அர்த்தம். அந்த "1" எங்க பாட்டியோட அண்ணன்.

7. போய் பாக்குறது

நான் போனது 2018ல. இப்ப மியான்மர்ல நெலம சரியில்ல, அரசாங்கத்தோட பயண எச்சரிக்கைய பாக்காம டிக்கெட் போடாதீங்க. சிங்கப்பூர்ல இருக்குற கிராஞ்சி கல்லறைத்தோட்டம்னா கவலையே இல்ல, எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன்லேருந்து நடந்தே போயிடலாம்.

போறதுக்கு முன்னாடி பிளாட், வரிசை, எண்ண பேப்பர்ல பெருசா எழுதிக்கங்க, கல்லறைத்தோட்டத்தோட வரைபடம் வெப்சைட்லயே இருக்கும். டவுக்கியான்ல மட்டும் 6,374 கல்லறை, அதுல 867 பேர் யாருன்னே தெரியாது. நடுவுல தூண் தூணா நிக்குற ரங்கூன் மெமோரியல்ல இன்னும் கிட்டத்தட்ட 27,000 பேர். நம்பர் இல்லாம போனா அழுதுட்டுதான் திரும்பணும். பேர் வெட்டுன தூண போட்டோ எடுக்க காலைலயோ சாயங்காலமோ போங்க, வெயில் சாய்ஞ்சு விழுந்தாதான் எழுத்து தெரியும், மத்தியானம் எல்லாம் வெளுத்துடும். ஊர் மண்ணு, விதை எல்லாம் எடுத்துட்டு போகாதீங்க, ஏர்போர்ட்ல பிரச்சனை ஆகும். கல்லுல எதையும் ஒட்டவோ பெயிண்ட் அடிக்கவோ கூடாது, பூ வைக்கலாம்.

டவுக்கியான்ல நிக்குற கல்லு கிடையாது, தரையோட தாழ்வா ஒரு கல் திண்டு, அது மேல வெண்கல தகடு. நம்பர், பதவி, தப்பான எழுத்துல பேர், படை, தேதி, ஒரு சிலுவை. குடும்பத்தார் சொல்ற வரி போட கீழ இடம் உண்டு. கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு இங்கிலாந்து பையன் தகட்டுல அவங்க அம்மா சொல்லி எழுதுன வரி இருந்துச்சு. தாத்தா தகட்டுல அந்த இடம் காலி, எங்க வீட்டுல யாரும் கேட்கப்படவும் இல்ல, கேட்டிருந்தா படிக்க தெரிஞ்சவங்களும் இல்ல. மெமோரியல்ல "சுதந்திர மனிதர் எல்லாருக்காகவும் இறந்தாங்க"ங்கற அர்த்தத்துல ஒரு வரி இங்கிலீஷ், பர்மீஸ், இந்தி, உருது, குர்முகி (பஞ்சாபி)னு அஞ்சு மொழில வெட்டியிருக்காங்க. தமிழ் இல்ல. நுழையுற இடத்துல விசிட்டர்ஸ் புக் இருக்கும், அதுல தாத்தா பேர, அவங்க அப்பா அம்மா பேர, ஊர் பேர எல்லாம் தமிழ்லயே எழுதிட்டு வந்தேன். நீங்க போனாலும் தமிழ்ல எழுதுங்க.

போக முடியாதவங்க தன்னார்வமா கல்லறை போட்டோ எடுத்து தர்றவங்ககிட்ட கேட்கலாம், வார் கிரேவ்ஸ் போட்டோகிராஃபிக் ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்கு. அதே உதவிய நாமளும் செய்யலாம், சென்னை நந்தம்பாக்கத்துல மெட்ராஸ் வார் செமெட்ரில 850க்கு மேல இரண்டாம் உலகப்போர் கல்லறை இருக்கு, இங்க வந்து செத்த மத்த நாட்டு வீட்டு புள்ளைங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போய் பாருங்க, கல்லுல வயசு போட்டிருக்கும், 19, 20, 21னு படிச்சுட்டே நடந்தா மனசு தாங்காது.

8. வீட்டுல

தேதி தெரிஞ்சா பழைய பஞ்சாங்கத்துல அன்னைய மாசமும் திதியும் பாத்து வருஷா வருஷம் குடுக்கலாம், தேதி மேல நம்பிக்கை இல்லன்னா மகாளய அமாவாசை. நாங்க நவம்பர் 2 கல்லறைத் திருநாள்ல அவருக்கும் சேர்த்து பூசை வைக்கிறோம். முஸ்லிம் வீடுகள்ல யாசீன் ஓதி துஆ கேட்பாங்க. கமிஷன் வெப்சைட்லேருந்து அவர் பேர் போட்ட சான்றிதழ் டவுன்லோட் பண்ணி ஃப்ரேம் போடுங்க, போட்டோ இல்லாத வீட்டுல அதாவது சுவர்ல இருக்கட்டும். பதிவுல அப்பா பேர், ஊர் விட்டுப்போயிருந்தா ஆதாரத்தோட திருத்தம் கேட்டு எழுதுங்க, நாளைக்கு இன்னொருத்தர் தேடும்போது கைக்கு கிடைக்கும்.

நான் கிளம்பும்போது பாட்டி அவங்க அம்மாவோட ஜெபமாலைய குடுத்து "அவன் மேல வச்சு எடுத்துட்டு வா"ன்னாங்க. வெண்கலம் வெயில்ல கொதிச்சுட்டு இருந்துச்சு, அந்த மாலைய பேர் மேல சுத்தி வச்சுட்டு பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன், திரும்ப எடுக்கும்போது மணியெல்லாம் சூடா இருந்துச்சு. 2021ல பாட்டி போனப்ப அது அவங்க கையிலேயே போயிடுச்சு. கல்லறைக்கு கல்லு வெட்டும்போது அவங்க பேருக்கு கீழ அண்ணன் பேரையும் போட சொன்னோம். கல்தச்சர் "டவுக்கியான்"ங்கறத எப்படி எழுதணும், "ஞா"க்கு துணைக்கால் எங்க வரும்னு ஒவ்வொண்ணா கேட்டார், ஒரு தாள்ல ஒவ்வொரு எழுத்தா பெருசா எழுதி குடுத்தேன், அவர் வெட்டி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னு சரி பாத்தேன்.